அபிமெலேக்கின் கதை: துரோகமும் தெய்வத் தீர்ப்பும்

அபிமெலேக்கின் கதை எபிரேய வேதாகமத்தில் உள்ள நியாயாதிபதிகள் நூலின் 9-ஆம் அதிகாரமாக அமைந்தது. கிதியோன் என்ற தலைவனின் மகனாகிய அபிமெலேக்கு, தன் எழுபது சகோதரர்களைக் கொன்று சீகேம் நகரில் அரசனாவதையும், மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவனும் அவனை அரசனாக்கிய நகரமும் ஒருவரால் ஒருவர் அழிவதையும் இது சொல்கிறது. துரோகம், அதற்குக் கடவுள் அளிக்கும் தீர்ப்பு ஆகிய இரண்டையும் எபிரேய மறைநூல் எவ்வாறு இணைத்துப் பார்க்கிறது என்பதை அறிய இது முதன்மையான பகுதிகளுள் ஒன்று. இடியோ, கொள்ளைநோயோ, வானிலிருந்து இறங்கும் நெருப்போ இக்கதையில் இல்லை. ஆனாலும் நடந்தவை கடவுளின் தீர்ப்பே என்று கதைசொல்லி இரண்டு இடங்களில் வெளிப்படையாகக் கூறுகிறார். அந்தக் கூற்றைக் கதை எந்த அளவுக்கு மெய்ப்பிக்கிறது என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

நூலில் இக்கதையின் இடம்

நியாயாதிபதிகள் நூல், யோசுவாவின் மறைவுக்கும் முடியாட்சியின் தோற்றத்துக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியது. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் இது ‘நீதித் தலைவர்கள்’ எனப்படுகிறது. மக்கள் கடவுளை மறப்பார்கள், பகைவர் கையில் சிக்குவார்கள், கூக்குரலிடுவார்கள், ஒரு தலைவன் எழுந்து அவர்களை மீட்பான். நூலின் பெரும்பகுதி இந்தச் சுழற்சியில் அமைந்தது. அபிமெலேக்கின் கதை இதில் அடங்குவதில்லை. இங்கு வெளிப்பகைவர் எவரும் இல்லை. கடவுள் எழுப்பிய தலைவனும் இல்லை. அபிமெலேக்கு தன்னைத்தானே எழுப்பிக்கொண்டவன். அவன் செய்யும் போர்கள் எல்லாமே உள்நாட்டாரின் மீது நடப்பவை.

கதையின் வேர் முந்தைய அதிகாரத்தில் இருக்கிறது. மீதியானியரை முந்நூறு பேருடன் வென்ற கிதியோனிடம் மக்கள் அவனும் அவன் மகனும் பேரனும் தங்களை ஆளவேண்டும் என்று கேட்கிறார்கள். கடவுளே உங்களை ஆள்வார் என்று சொல்லி அவன் மறுக்கிறான் (நியா. 8:23). ஆனால் அதன் பிறகு அவன் வாழும் வாழ்க்கை அரசனுடைய வாழ்க்கையாக இருக்கிறது. கொள்ளைப் பொருளில் 1,700 சேக்கல் எடையுள்ள பொன்னைப் பெறுகிறான். பல மனைவியரையும் எழுபது மகன்களையும் உடையவனாகிறான். சீகேமில் இருந்த மறுமனையாட்டி பெற்ற மகனுக்கு அபிமெலேக்கு என்று பெயரிடுகிறான். எபிரேயத்தில் அப்பெயருக்கு ‘என் தகப்பன் அரசன்’ என்று பொருள். வாயால் மறுத்த அரசபதவியைத் தன் மகனின் பெயரில் கிதியோன் வைத்துவிட்டுப் போகிறான் என்று வாசிக்க இடமிருக்கிறது. அப்பெயரில் உள்ள ‘தகப்பன்’ கடவுளைக் குறிக்கும் என்பாரும் உண்டு. இரண்டு பொருளும் ஒருங்கே நிற்பதில்தான் கதை தொடங்குகிறது.

கதைச் சுருக்கம்

கிதியோன் இறந்தபின் அபிமெலேக்கு சீகேமுக்குப் போய்த் தாயின் உறவினரைச் சந்திக்கிறான். எழுபது பேர் ஆள்வது நல்லதா, ஒருவன் ஆள்வது நல்லதா என்று கேட்கிறான். நான் உங்கள் எலும்பும் மாம்சமும் ஆனவன் என்று நினைவூட்டுகிறான். நகரப் பெரியோர் அவனைத் ‘தங்கள் சகோதரன்’ என்று ஏற்று, பாகால்பேரீத் கோவிலிலிருந்து எழுபது வெள்ளிக்காசு தருகிறார்கள். அந்தப் பணத்தில் அவன் வேலைவெட்டி இல்லாத முரடர்களைக் கூலிக்கு அமர்த்தி, ஒப்ராவில் இருந்த தந்தையின் வீட்டுக்குப் போய்ச் சகோதரர்களை ஒரே கல்லின்மேல் கொல்கிறான். கடைசிப் பிள்ளையான யோதாம் மட்டும் ஒளிந்து தப்புகிறான்.

சீகேமில் முடிசூட்டு நடக்கிறது. யோதாம் கெரிசீம் மலையுச்சியில் நின்று மரங்களின் கதையைச் சொல்லி, நகரத்தைச் சபித்துவிட்டு ஓடிப்போகிறான். மூன்று ஆண்டுகள் கழிகின்றன. அபிமெலேக்குக்கும் சீகேமின் பெரியோருக்கும் இடையே கடவுள் ஒரு பொல்லாத ஆவியை அனுப்புகிறார். அவர்கள் அவனுக்குத் துரோகம் செய்கிறார்கள். ஏபேதின் மகன் காகால் என்ற புதியவன் நகரத்துக்கு வந்து, திராட்சை அறுவடை விருந்தில் குடித்துவிட்டு அபிமெலேக்கை இகழ்கிறான். நகர அதிகாரியான சேபூல் இரகசியமாக ஆளனுப்பி அபிமெலேக்குக்கு இதைத் தெரிவிக்கிறான். காகால் தோற்று விரட்டப்படுகிறான். மறுநாள் வயலுக்குப் புறப்பட்ட மக்களையும் அபிமெலேக்கு வெட்டுகிறான், நகரத்தை இடித்து உப்பு விதைக்கிறான். கோபுரத்தில் தஞ்சம் புகுந்த ஏறக்குறைய ஆயிரம் ஆண்களையும் பெண்களையும் தீயிட்டுக் கொல்கிறான். அடுத்து தேபேஸ் நகரக் கோபுரத்துக்கும் தீ வைக்க நெருங்கும்போது, மேலிருந்த ஒரு பெண் எறிந்த அரைக்கும் கல் அவன் மண்டையை உடைக்கிறது. பெண் கையால் செத்தான் என்ற பெயர் வராதிருக்கத் தன் ஆயுததாரியைக் கொண்டு தன்னைக் குத்தச் சொல்லிச் சாகிறான்.

சீகேம் என்ற இடம்

கதை சீகேமில் நடப்பது தற்செயலானதன்று. எபிரேய மரபில் அது உடன்படிக்கையின் நகரம். யாக்கோபு தன் வீட்டாரின் அந்நிய தெய்வச் சிலைகளை அங்கிருந்த மரத்தடியில் புதைத்தான் (ஆதி. 35:4). யோசுவா மக்களைத் திரட்டி உடன்படிக்கை செய்து, சாட்சியாக ஒரு பெரிய கல்லை மரத்தடியில் நாட்டியதும் அங்கேதான் (யோசு. 24). அதே ஊரின் மரத்தடியில், தூண் நின்ற இடத்தில், சகோதரர்களைக் கொன்றவனுக்கு முடிசூட்டப்படுகிறது.

கோவிலின் பெயரும் கவனிக்கத்தக்கது. பாகால்பேரீத் என்றால் ‘உடன்படிக்கையின் ஆண்டவன்’. வாக்குறுதிக்குக் காவலாக நின்ற தெய்வத்தின் கருவூலத்திலிருந்து, உறவை முறிக்கும் கொலைக்குக் கூலி போகிறது. எழுபது பேருக்கு எழுபது வெள்ளி, தலைக்கு ஒன்று. இதைப் பற்றிக் கதைசொல்லி ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. எண்ணை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்.

யோதாம் நின்ற கெரிசீம் மலையும் அவ்வாறே. உபாகமம் 27-இன்படி அது ஆசீர்வாதம் கூறுவதற்காக ஒதுக்கப்பட்ட மலை. சாபத்துக்கு உரியது எதிரே உள்ள ஏபால் மலை. ஆசீர்வாத மலையிலிருந்து சாபம் வருகிறது. ஊர் எந்த அளவுக்குத் தலைகீழாகிவிட்டது என்பதைக் காட்ட இந்த இடமாற்றமே போதுமானதாக இருக்கிறது.

பண்டைய சீகேம், இன்றைய நாப்லூசை ஒட்டிய பலாட்டா மேடு என அடையாளம் காணப்பட்டுள்ளது. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் செல்லின் 1913-இல் அங்கு அகழாய்வைத் தொடங்கினார். ஜார்ஜ் எர்னஸ்ட் ரைட் தலைமையிலான அமெரிக்கக் குழு 1956 முதல் அதைத் தொடர்ந்தது. தடித்த சுவர்களைக் கொண்ட கோட்டை போன்ற ஒரு கோவிலின் அடித்தளம் அங்கு வெளிப்பட்டது. ரைட் அதனை நியாயாதிபதிகள் 9-இல் வரும் கோவிலோடு தொடர்புபடுத்தினார். அந்த அடையாளத்தை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. எனினும் கோவிலும் காவற்கோபுரமும் ஒன்றாக அமைந்த கட்டடத்தில் மக்கள் தஞ்சம் புகுவது கற்பனைக் காட்சி அன்று என்பதை இந்த அகழாய்வு புரியவைக்கிறது.

யோதாமின் மரக்கதை

மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடுகின்றன. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சைக்கொடியும் தத்தம் எண்ணெயையும் இனிப்பையும் ரசத்தையும் விட்டுவர மறுக்கின்றன. கடைசியில் முட்செடி ஒப்புக்கொள்கிறது. உண்மையாகவே என்னை அரசனாக்குவீர்களானால் என் நிழலில் வந்து தங்குங்கள், இல்லையேல் என்னிலிருந்து நெருப்பு எழுந்து லீபனோனின் கேதுருக்களையும் எரிக்கும் என்று அது சொல்கிறது.

தரையோடு படரும் முட்செடிக்கு நிழல் கிடையாது. கோடையில் காய்ந்து எளிதில் தீப்பற்றுவது மட்டும் அதற்குக் கைவந்தது. கொடுக்க முடியாததை வாக்களித்து, கொடுக்கக்கூடியதைக் கொண்டு அச்சுறுத்துகிறது. ஆட்சியைத் தேடிவரும் தகுதியற்றவர்களின் பேச்சை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய எழுத்து பழங்கால இலக்கியத்தில் குறைவு. மார்ட்டின் பூபர் 1932-இல் வெளியிட்ட ‘கடவுளின் அரசாட்சி’ என்ற நூலில், உலக இலக்கியத்தில் முடியாட்சிக்கு எதிரான மிக வலிமையான படைப்பு என்று இதனை மதிப்பிட்டார்.

பூபரின் மதிப்பீடு பெரும்பாலும் ஏற்கப்பட்டாலும் அதற்கு ஒரு மறுப்பு உண்டு. யோதாம் தன் கதைக்குத் தரும் விளக்கத்தில் முடியாட்சி கூடாது என்று சொல்வதில்லை. நீங்கள் உண்மையோடும் நேர்மையோடும் நடந்தீர்களா என்றே கேட்கிறான். என் தந்தை தன் உயிரைப் பணயம் வைத்து உங்களுக்காகப் போர் செய்தான், அவன் பிள்ளைகளைக் கொன்றவனுக்கு நீங்கள் துணைபோனீர்கள் என்பதே குற்றச்சாட்டு. எனவே அவன் முதன்மையாகச் சாடுவது நன்றிகெட்ட துரோகத்தை. முடியாட்சி பற்றிய கேள்வி அதற்குப் பின்னால் வருகிறது.

மறுத்த மூன்று மரங்களைப் பற்றியும் இரு பார்வைகள் உள்ளன. 11-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியரான ராசி, ஒலிவமரத்தை ஒத்னியேலாகவும் அத்திமரத்தை தெபொராளாகவும் திராட்சையைக் கிதியோனாகவும் கொள்கிறார். அவருடைய உரையில் அவை பாராட்டுக்குரியவை. ஆனால் கதையை மட்டும் வைத்துப் பார்த்தால், பயனுள்ள மரங்கள் எல்லாம் தத்தம் வேலை போதும் என்று ஒதுங்கியதால்தான் முட்செடிக்கு வழி திறந்தது. அரசபதவியை மறுத்தபின் அதன் வசதிகளை மட்டும் வைத்துக்கொண்ட கிதியோனை நினைத்தால், அந்த மறுப்பை முழுக்க நல்லதாகக் கொள்ள இயலவில்லை. மாணவர்கள் இந்த இரண்டு வாசிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

பொல்லாத ஆவி

கதையின் திருப்புமுனை 9:23. அபிமெலேக்குக்கும் சீகேமின் பெரியோருக்கும் இடையே கடவுள் பொல்லாத ஆவியை அனுப்பினார் என்று அங்கு சொல்லப்படுகிறது. அடுத்த வசனம் அதன் நோக்கத்தையும் சொல்கிறது. எழுபது பேரின் இரத்தப்பழி கொன்றவன்மேலும், கொல்ல அவன் கையைத் திடப்படுத்தியவர்கள்மேலும் வரவேண்டும் என்பதே அந்த நோக்கம்.

நல்லவரான கடவுள் பொல்லாத ஆவியை அனுப்புவாரா என்ற கேள்வி வாசகருக்கு எழும். எபிரேய மறைநூலில் இது தனித்த நிகழ்வன்று. சவுலைக் கலங்கப்பண்ணிய ஆவியும் (1 சாமு. 16:14), ஆகாபின் தீர்க்கதரிசிகளைப் பொய் பேசவைத்த ஆவியும் (1 இராஜா. 22) கடவுளிடமிருந்தே வருகின்றன. பிற்காலத்தில் உருவான சாத்தான் என்ற தனித்த எதிரியின் கருத்து இப்பகுதிகளில் இல்லை. நன்மையும் தண்டனையும் ஒரே மூலத்திலிருந்து வருவதாக இந்த எழுத்தாளர்கள் எண்ணினார்கள். மேலும் எபிரேயத்தில் ‘ரூவாஹ்’ என்ற சொல் ஆவி, காற்று, மனநிலை ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும். ‘ரா’ என்ற அடைமொழி ஒழுக்கக்கேட்டை மட்டுமன்றித் தீங்கையும் கேட்டையும் குறிக்கும். ஆகவே இங்கு இரு தரப்பாருக்கும் இடையே விழுந்த கசப்பு என்றும் பொருள்கொள்ளலாம்.

அந்த ஆவி என்ன செய்தது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. சீகேமியர் மலையுச்சிகளில் பதுங்கி வழிப்போக்கரைக் கொள்ளையிடுகிறார்கள். புதிதாக வந்த ஒருவனை நம்புகிறார்கள். விருந்தில் அரசனைத் திட்டுகிறார்கள். இவை அனைத்தும் மனிதர் இயல்பாகச் செய்யக்கூடியவை. கூலிக்குக் கொலை செய்தவனை அரசனாக்கியவர்கள், அவனையும் ஒருநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதில் வியப்பில்லை. ‘உங்கள் எலும்பும் மாம்சமும்’ என்று சொல்லி அவன் பெற்ற ஆதரவை, ‘அபிமெலேக்கு யார்?’ என்று அதே உறவுவாதத்தை வைத்துக் காகால் தட்டிப்பறிக்கிறான். ஊரின் பழைய குலமாகிய ஏமோரின் மனிதரைச் சேவியுங்கள், யெருபாகாலின் மகனை நாம் ஏன் சேவிக்கவேண்டும் என்கிறான். யெருபாகால் என்பது கிதியோனின் மற்றொரு பெயர். தாய்வழியை முன்னிறுத்தி உள்ளே வந்தவன் தந்தைவழியைக் காட்டி வெளியேற்றப்படுகிறான்.

துரோகத்தின் தன்மையைக் கதை இங்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. தமிழில் துரோகத்துக்கு ‘இரண்டகம்’ என்ற பழைய சொல் உண்டு. உள்ளம் இரண்டாக இருப்பது என்ற பொருள் அதில் தொனிக்கிறது. இவ்வதிகாரத்தில் எல்லாருமே அப்படி இரண்டாக இருக்கிறார்கள். சேபூல் காகாலோடு நகர வாசலில் நின்று, மலையிலிருந்து இறங்கும் படையைப் பார்த்து, அது மலைகளின் நிழல், உனக்கு மனிதரைப்போலத் தோன்றுகிறது என்கிறான். முட்செடி வாக்களித்த நிழல் இங்கு மீண்டும் வருகிறது. எபிரேயத்திலும் ஒரே சொல்தான். முதல் நிழல் இல்லாத பாதுகாப்பு, இரண்டாவது நிழல் இருக்கும் ஆபத்தை மறைக்கும் பொய்.

கல், தீ, தலை

இக்கதையின் தீர்ப்பு ‘செய்ததே திரும்பிவரும்’ என்ற வடிவில் உள்ளது. அதைக் காட்டக் கதைசொல்லி சில பொருள்களை மீண்டும் மீண்டும் கையாள்கிறார். டி. ஏ. பூகார்ட் 1985-இல் எழுதிய கட்டுரை இந்தக் கல்லுக்குக் கல் என்ற அமைப்பை விரிவாக ஆராய்ந்தது.

முதலாவது கல். எழுபது பேர் ‘ஒரே கல்லின்மேல்’ கொல்லப்பட்டார்கள் என்பது இரண்டு முறை சொல்லப்படுகிறது. அபிமெலேக்கு சாவதும் ஒரே ஒரு கல்லால். அது போர்க்கருவி அன்று, மாவரைக்கும் கல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘ஏந்திரக்கல்’ என்ற சொல்லைக் காணும் வாசகருக்குச் சுழலும் திரிகை நினைவுக்கு வரும். எபிரேயச் சொல்லான ‘ரெக்கேவ்’ மேலே ஏறிச் செல்வது என்ற பொருளுடையது. அக்காலத்துப் பாலஸ்தீன வீடுகளில் இருந்தது அகன்ற அடிக்கல்லின்மேல் முன்னும் பின்னும் தள்ளி அரைக்கும் கல். ஆகவே தமிழ் வாசகர் அம்மிக்குழவியை நினைத்துக்கொள்வது மேலும் பொருத்தம். முற்றுகைக்குத் தப்பி ஓடும்போது ஒரு பெண் கையில் எடுத்துவந்த வீட்டுப் பொருள் அது என்று எண்ணும்போது காட்சி தெளிவாகிறது.

இரண்டாவது தீ. அபிமெலேக்கிலிருந்து தீ எழுந்து சீகேமையும், சீகேமிலிருந்து தீ எழுந்து அபிமெலேக்கையும் எரிக்கட்டும் என்பது யோதாமின் சாபம். முதல் பாதி சொல்லுக்குச் சொல் நிறைவேறுகிறது. அபிமெலேக்கு சல்மோன் மலையில் கிளைகளை வெட்டித் தோளில் சுமந்து கோபுரத்தைக் கொளுத்துகிறான். இரண்டாம் பாதி வேறு வடிவில் நிறைவேறுகிறது. அவன் இறப்பது தீயால் அன்று. ஆனால் தேபேஸில் தீ வைக்க நெருங்கும் வேளையில்தான் கல் விழுகிறது.

மூன்றாவது ‘தலை’ என்னும் சொல். எபிரேயத்தில் ‘ரோஷ்’ மலையுச்சி, படைப்பிரிவு, உடலின் தலை மூன்றையும் குறிக்கும். யோதாம் நின்ற மலைத்தலை, சீகேமியர் பதுங்கிய மலைத்தலைகள், அபிமெலேக்கு பிரித்த படைகள், அவன் உடைந்த தலை, கடைசி வசனத்தில் சீகேமியரின் ‘தலையின்மேல்’ திரும்பிய பழி ஆகிய எல்லாவற்றிலும் இந்தச் சொல்லே வருகிறது. மொழிபெயர்ப்பில் இத்தொடர்ச்சி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

தீர்ப்பு நீதியானதா?

ஜெர்மானிய அறிஞர் கிளவுஸ் கோக் 1955-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எபிரேய மறைநூலில் தண்டனை என்பது வெளியிலிருந்து நீதிபதி விதிப்பதன்று, செயலிலிருந்தே விளைவது என்று வாதிட்டார். கடவுள் அந்த விளைவு பிறக்கத் துணைநிற்கும் மருத்துவச்சி போன்றவர் என்பது அவர் கருத்து. அபிமெலேக்கின் கதை இதற்கு நல்ல சான்றாகத் தோன்றும். துரோகத்தால் கட்டிய ஆட்சி துரோகத்தாலேயே இடிகிறது. ஆனால் கோக்கின் விளக்கம் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆவியைக் கடவுள் ‘அனுப்பினார்’ என்றும், தீமையைத் ‘திரும்பச்செய்தார்’ என்றும் கதைசொல்லி வினைச்சொற்களைக் கடவுள்மேல் ஏற்றுகிறார். தானாக விளைந்தது என்று விட்டுவிட அவருக்கு விருப்பமில்லை.

அதே சமயம் அந்தக் கடவுள் தொலைவில் இருக்கிறார். இஸ்ரவேலின் கடவுளுக்குரிய நான்கெழுத்துத் திருப்பெயர் இந்த அதிகாரத்தில் ஒருமுறையும் வருவதில்லை. ‘எலோகீம்’ என்ற பொதுப்பெயரே வருகிறது. முந்தைய அதிகாரங்களில் கிதியோனோடு பேசிய, தோலில் பனியிறங்கச் செய்த கடவுள் இங்கு யாரோடும் பேசுவதில்லை. யாரும் அவரை நோக்கி மன்றாடுவதும் இல்லை. உடன்படிக்கையை விட்ட மக்களுக்கு உடன்படிக்கையின் கடவுள் பெயர் சொல்லி வருவதில்லை. தீர்ப்பு மட்டும் வருகிறது.

இங்கு விமரிசகர் தவிர்க்கக்கூடாத ஒரு சிக்கல் உண்டு. இறுதி இரண்டு வசனங்கள் கணக்கை முடித்துவைக்கின்றன. அபிமெலேக்கின் தீமை அவன்மேல், சீகேமியரின் தீமை அவர்கள்மேல். ஆனால் கதையே நமக்குக் காட்டும் மனிதர் அனைவரும் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை. சதியில் ஈடுபட்டோர் சீகேமின் ‘பெரியோர்’. மறுநாள் வயலுக்குப் புறப்பட்டு வெட்டுண்டோர் ‘மக்கள்’. இந்த வேறுபாட்டைக் கதைசொல்லியே சொற்களில் காட்டுகிறார். கோபுரத்தில் எரிந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் எழுபது வெள்ளியை எண்ணிக் கொடுத்தவர்களா? தேபேஸ் மக்கள் செய்த குற்றம் எதுவும் சொல்லப்படவே இல்லை.

இதைக் கதையின் குறை என்று சொல்லிவிடலாம். பழங்காலத்தில் நகரம் முழுவதும் ஒரே உடலாகக் கருதப்பட்டது என்று விளக்கமும் தரலாம். இரண்டும் ஓரளவு உண்மை. ஆயினும் கதைசொல்லி அந்த இறப்புகளை மறைக்கவில்லை என்பது முக்கியம். உழவர் வயலுக்குப் புறப்பட்ட காலைப்பொழுதையும், கோபுரத்தில் பெண்களும் இருந்ததையும் அவர் குறிப்பிட்டிருக்கத் தேவையில்லை. கணக்கு சரியாக வரவேண்டும் என்பது மட்டும் அவர் நோக்கமாக இருந்திருந்தால் விட்டிருப்பார். தீர்ப்பு உண்மையே என்று நம்புகிறார். அந்தத் தீர்ப்பு மனிதரின் வெறியைக் கருவியாகக் கொண்டு வரும்போது குற்றவாளிகளோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் அறிந்திருக்கிறார். இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்தது அவருடைய நேர்மை. ‘துரோகிகள் அழிந்தார்கள், நீதி வென்றது’ என்று மட்டும் இக்கதையைச் சுருக்கிச் சொல்லும் போதனைகள் அந்த ஆயிரம் பேரைக் காணாமல் கடந்துபோகின்றன.

பிற்கால எதிரொலி

அபிமெலேக்கு கடைசியில் அஞ்சியது சாவுக்கு அன்று, பெயருக்கு. அந்த அச்சமே பலித்தது. 2 சாமுவேல் 11-இல், தாவீது உரியாவைப் போர்முனையில் சாகவைக்கும் சூழ்ச்சியின் இடையே, தளபதி யோவாப் தூதனிடம் பேசும்போது மதிலருகே போனதால் செத்தவனுக்கு எடுத்துக்காட்டாக அபிமெலேக்கை நினைவுகூர்கிறான். ஆயுததாரியின் வாளைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஒரு பெண் மதிலிலிருந்து கல்லை எறிந்து கொன்றாள் என்பதே நினைவில் நின்றது. யெருபாகால் என்ற பெயரும் அங்கு யெருபேசேத் என்று மாறியிருக்கிறது. ‘பாகால்’ இருந்த இடத்தில் வெட்கம் என்ற பொருளுடைய சொல் வந்திருக்கிறது.

இந்த நினைவுகூரல் வரும் இடம் ஆழமானது. நம்பிய வீரனுக்கு அரசன் செய்யும் துரோகத்தின் நடுவில், பழைய துரோகியின் முடிவு நினைவுக்கு வருகிறது. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் ஏழையின் ஆட்டுக்குட்டி பற்றிய கதையைச் சொல்லிக் குற்றத்தை உணர்த்துகிறான். யோதாமும் கதை சொன்னான். சொல்லிவிட்டு ஓடவேண்டியிருந்தது. சீகேமியர் அதைக் கேட்டு என்ன செய்தார்கள் என்று நூலில் ஒரு சொல்லும் இல்லை. தாவீது கேட்டான், நான் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். தண்டனை அவன் வீட்டையும் விடவில்லை என்றாலும் அவனுக்கு ஒரு வழி திறந்தது. தீர்ப்புக்கு முன் சொல்லப்படும் கதையைக் கேட்பவருக்கும் கேளாதவருக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு இடங்களையும் சேர்த்து வாசிக்கும்போது விளங்கும்.

தமிழில்

இக்கதை தமிழுக்கு வந்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு 1719-இல் இறப்பதற்குமுன் பழைய ஏற்பாட்டை ரூத்தின் நூல்வரை மொழிபெயர்த்திருந்தார். வரிசையில் ரூத்துக்கு முந்தியது நியாயாதிபதிகள் நூல். ஆகவே அவர் கடைசியாகத் தமிழாக்கிய பகுதிகளுள் இதுவும் ஒன்று. அவருக்குப் பின் பெஞ்சமின் சூல்ட்சே பழைய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதியைத் தொடர்ந்து முடித்தார்.

மதிப்பீடு

அபிமெலேக்கின் கதை ஐம்பத்தேழு வசனங்களில் முடிந்துவிடுகிறது. அறிவுரை மிகக் குறைவு. பாத்திரங்களின் மனவோட்டம் ஏறக்குறைய இல்லை. நிகழ்ச்சிகளின் அடுக்கும், திரும்பத் திரும்ப வரும் சில சொற்களுமே பொருளைச் சுமக்கின்றன. துரோகத்துக்கு வெளியிலிருந்து தண்டனை தேடவேண்டியதில்லை, ஒருவரையொருவர் நம்பமுடியாமல் போவதே அதன் முதல் தண்டனை என்பதை இக்கதை தெளிவாகக் காட்டுகிறது. அந்தத் தண்டனையில் குற்றமற்றவரும் சிக்குகிறார்கள் என்பதையும் மறைக்காமல் காட்டுகிறது. தீர்ப்பு வந்ததைக் கூறும் கடைசி வரிகளை வாசிக்கும் மாணவர், அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வசனங்களையும் மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசிப்பது நல்லது. அபிமெலேக்கு செத்ததைக் கண்ட இஸ்ரவேலர் அவரவர் வீட்டுக்குப் போனார்கள் என்று 9:55 சொல்கிறது. யாரும் வெற்றி கொண்டாடியதாக அங்கு எழுதப்படவில்லை.